கணிதம் கைகொடுக்காதவர்களுக்கும் தொழில்நுட்பத்தில் இடமுண்டு

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கணிதத்தில் சித்தியடைவதில்லை. பெறுபேறு வெளியாகும் நாளில் கொழும்பின் தமிழ் வீடுகளில் எழும் முதற் கேள்வி, ‘மெத்ஸுக்கு என்ன?’ என்பது. ‘டபிள்யூ’, அதாவது சித்தியில்லை, என்று விடை வந்தால், இந்தப் பிள்ளைக்குப் பொறியியலும் இல்லை, கணினியும் இல்லை, எந்தத் தொழில்நுட்பமும் இல்லை என்று அன்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பிழையானது. பதினாறு வயதுப் பிள்ளையின் வாழ்க்கையை அது வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறது.

உயர்ந்த கணிதம் இல்லாமல் செய்யவே முடியாத தொழில்நுட்ப வேலைகள் உண்டு. ஆனால் அவை குறைவு. எண்கணிதமும் சிறிது வடிவியலும் ஒரு சில சூத்திரங்களும் தெரிந்தால் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகள் அவற்றைவிடப் பல மடங்கு. எந்த வேலைக்கு எவ்வளவு கணிதம் தேவை, அந்த வேலைக்கு எந்த வழியால் போகலாம் என்ற இரண்டும் தெரியாமல் இருப்பதுதான் இங்குள்ள சிக்கல்.

எதிரெதிரான இரு தவறுகள்

கொழும்பில் இந்த விடயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. கணிதம் வராத பிள்ளையை வலிந்து உயர் தரக் கணிதப் பிரிவுக்குள் தள்ளுவது ஒன்று. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ரியூசன் வகுப்பு இல்லாத ஒழுங்கை அரிது. சாதாரண தரக் கணிதத்தில் மட்டுமட்டாகச் சித்தியடைந்த பிள்ளையையும், ‘பழகப் பழக வரும்’ என்று சொல்லி இணைந்த கணித வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள்.

இணைந்த கணிதம் சாதாரண தரக் கணிதத்தின் தொடர்ச்சி மட்டுமல்ல. வகையீடு, தொகையீடு, காவிகள், நிலையியல், இயக்கவியல் என்று அது வேறொரு தளத்தில் நடக்கிறது. அட்சரகணிதத்தில் தடுமாறும் மாணவர் முதல் தவணையிலேயே பின்தங்கிவிடுகிறார். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை தோற்றலாம் என்பதால், பத்தொன்பது வயதில் எடுக்கவேண்டிய முடிவு இருபத்திரண்டு வரை இழுபடுகிறது. அதற்குள் குடும்பத்தின் சேமிப்பும் பிள்ளையின் தன்னம்பிக்கையும் கரைந்துவிடுகின்றன. இரண்டில் பின்னையது மீண்டு வருவதற்குத்தான் அதிக காலம் பிடிக்கிறது.

கணிதத்தில் விழுந்ததும் படிப்பையே நிறுத்திவிடுவது மற்றத் தவறு. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, மட்டக்குளிப் பகுதிகளில் வருமானம் குறைந்த குடும்பங்களில் இது கூடுதல். பிள்ளை புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறது. அல்லது பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன உதிரிப்பாகக் கடைக்கோ கராஜுக்கோ போகிறது. ஐந்து வருடத்தில் எந்த எஞ்சினையும் கழற்றிப் பூட்டும் கைப்பழக்கம் வந்துவிடும். ஆனால் அதைக் காட்டக் கையில் ஒரு சான்றிதழ் இராது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், பெரிய நிறுவனமொன்றில் சேர நினைக்கும்போதும் அந்த வெறுங்கைதான் தடையாக நிற்கும்.

கணிதத்துக்கு ஏன் இவ்வளவு கனம்?

இலங்கைத் தமிழர் மத்தியில் கணிதம் வெறும் பாடமாக இருந்ததில்லை. சி. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். நாவற்குழியில் பிறந்த சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கிடம் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானவர். 1960களின் இறுதியில் இந்நாட்டின் பொறியியல் பீட அனுமதியில் ஏறத்தாழ அரைவாசி தமிழ் மாணவர்களுக்குக் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் அந்த வாயிலை ஒடுக்கியது.

அப்போதிருந்து கணிதப் புள்ளி என்பது ஒரு பிள்ளையின் திறமைக்கு மட்டுமன்றி ஒரு சமூகத்தின் இருப்புக்கும் அளவுகோலாக மாறிப்போனது. அந்த உணர்வை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. இழப்பில் பிறந்த உணர்வு அது. ஆயினும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும், பொறியியல் பீடத்துக்குப் போகாதவர் எல்லாம் தோற்றவர் என்று கருதுவது இன்றைய பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

தொழிற்கல்வியைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கமும் இதனோடு ஒட்டி வந்ததே. ‘டெக்’குக்கு, அதாவது தொழில்நுட்பக் கல்லூரிக்கு, போவது என்றால் வேறு வழியில்லாமல் போவது என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. ஆனால் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. மருதானையில் 1893இல் தொடங்கிய அரச தொழில்நுட்பப் பாடசாலையே பின்னர் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியானது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் தொடங்கியபோது, அது பிறந்தது அந்தக் கல்லூரி வளாகத்தில்தான். பேராதனைக்குப் போனது அதன் பிறகு. மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் 1960இல் கட்டுபெத்தையில் திறக்கப்பட்ட செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகத்திலிருந்து வளர்ந்ததே. பட்டறைதான் பல்கலைக்கழகத்தைப் பெற்றது.

‘கணிதம் வராது’ என்றால் என்ன?

கணிதம் வராது என்று சொல்லும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். பெரும்பாலானோருக்கு இடையில் ஓரிடத்தில் தொடர் அறுந்திருக்கும். ஏழாம், எட்டாம் தரத்தில் பின்னங்களோ மறை எண்களோ விளங்காமல் போயிருக்கும். பாடசாலை மாறியதாலோ, ஆசிரியர் இல்லாமல் சில தவணைகள் கழிந்ததாலோ அது நேர்ந்திருக்கலாம். கணிதம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும் பாடம் என்பதால், அந்த இடைவெளி பதினோராம் தரத்தில் பெரும் பள்ளமாகத் தெரிகிறது. இவர்களுக்குத் தேவை பதினோராம் தர ரியூசன் அல்ல, எட்டாம் தரத்துக்குத் திரும்பிப் போவது.

சிலருக்குப் பயம்தான் முழுக் காரணம். கணக்கைக் கண்டதும் வரும் பதற்றம், மனத்தில் எண்களைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலையே விழுங்கிவிடுகிறது. தெரிந்த கணக்கும் பரீட்சை மண்டபத்தில் மறந்துபோவது இதனால்தான். அடித்தும் ஒப்பிட்டும் கற்பித்தால் இந்தப் பயம் வளருமே தவிரக் குறையாது.

இன்னும் ஒரு சிறு பகுதியினருக்கு எண்களைக் கையாள்வதில் பிறவியிலேயே சிரமம் இருக்கிறது. உலகளவில் நூறு பிள்ளைகளில் மூன்று முதல் ஏழு பேருக்கு இது இருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. வாசிப்பிலும் பேச்சிலும் கைவேலையிலும் இவர்கள் கெட்டிக்காரராக இருப்பார்கள். எண்களில் மட்டும் தடுமாறுவார்கள். இது சோம்பலும் அல்ல, மந்தமும் அல்ல.

மூன்று வகையினருக்கும் பரிகாரம் வேறு வேறு. எது என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே ரியூசன் வகுப்புக்கு அனுப்பினால், காசும் நேரமும் செலவாவது மட்டுமே நடக்கும்.

எந்த வேலைக்கு எவ்வளவு கணிதம்?

மின்வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாயிரம் வாற் கேத்தல் ஒன்றை 230 வோல்ற்றில் இணைத்தால் ஏறத்தாழ எட்டே முக்கால் அம்பியர் மின்னோட்டம் பாயும். ஆகவே 13 அம்பியர் பிளக் அதற்குப் போதும். ஒரே இணைப்பில் இரண்டு கேத்தல் போட்டால் போதாது. இங்கே நடந்தது ஒரு வகுத்தலும் ஒரு கூட்டலும். அன்றாட மின்வேலையின் பெரும்பகுதி ஓமின் விதியையும் வலுவுக்கான சூத்திரத்தையும் இப்படித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான். வகுப்பில் எக்ஸ், வை என்று கேட்டபோது விளங்காதது, கையில் வயரும் எதிரே மெயின் சுவிச்சும் இருக்கும்போது விளங்கிவிடுவதைப் பயிற்றுநர்கள் பலர் கண்டிருக்கிறார்கள்.

குளிரூட்டி திருத்துபவருக்கு அமுக்கமானியை வாசிக்கவும், பன்னீராயிரம் பி.ரி.யூ. என்பது ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாற் குளிரூட்டும் திறன் என்று மாற்றவும் தெரியவேண்டும். கடைச்சல் வேலையில் வேணியர் இடுக்கிமானியால் மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கை அளக்கவேண்டும். அது கணிதத்தைவிடக் கண்ணின் கூர்மையையும் பொறுமையையும் கேட்கும் வேலை. கட்டட வேலையில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று கயிறு பிடித்துச் செங்கோணம் எடுக்கும் மேசன் பைதகரஸ் தேற்றத்தைத்தான் கையாள்கிறார். அதை நிறுவிக் காட்டச் சொன்னால் முடியாதிருக்கலாம். அவர் எடுத்த மூலை பிழைப்பதில்லை.

கணினித் துறையைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். மென்பொருள் எழுதக் கணிதப் புலமை வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இணையத்தளம் அமைத்தல், கைத்தொலைபேசிச் செயலி உருவாக்கல், தரவுத்தளம் பேணல், மென்பொருள் சோதனை ஆகிய வேலைகளில் அன்றாடம் தேவைப்படுவது தர்க்கம். இது நடந்தால் அதைச் செய், இல்லையேல் இதைச் செய் என்று படிப்படியாக யோசிக்கும் திறன். மொழியில் கெட்டிக்காரரான பிள்ளைகள் பலர் நிரல் எழுதுவதிலும் கெட்டிக்காரராக இருப்பது இதனாலேயே. வலையமைப்பு வேலைக்கு இரும எண்கள் தேவை. எட்டு இலக்கங்களில் 256 முகவரிகள் அடங்கும் என்ற கணக்குப் புரிந்தால் அடித்தளம் கிடைத்துவிடும்.

எல்லையையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பாலத்தின் தாங்குதிறனைக் கணிப்பது, இயந்திரக் கற்றலுக்குப் புதிய முறைகளை ஆக்குவது, சமிக்ஞைச் செயலாக்கம், கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆகியவை கணிதம் இல்லாமல் நடக்காது. அளவு மதிப்பீட்டாளர் வேலை வளைகுடா நாடுகளில் நல்ல சம்பளம் தருவதால் கொழும்புத் தமிழ் இளைஞர் பலர் அதை நாடுகிறார்கள். அதில் நுண்கணிதம் இல்லை. ஆனால் நாள் முழுவதும் எண்களோடுதான் இருக்கவேண்டும். எண்ணைக் கண்டாலே அஞ்சுபவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

வரலாற்றிலும் சான்றுகள் உண்டு. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்றவர். உயர் கணிதம் அறியாதவர். படங்களாலும் பரிசோதனைகளாலும் அவர் கண்டதைப் பின்னர் மாக்ஸ்வெல் சமன்பாடுகளாக எழுதினார். இன்று உலகில் ஓடும் ஒவ்வொரு மின்பிறப்பாக்கியும் பரடே கண்ட தத்துவத்தில் ஓடுகிறது. கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவர். மோட்டார்களைக் கழற்றிப் பூட்டிக் கற்றவர். 1937இல் இந்தியாவில் மின்மோட்டார் தயாரிப்புக்கு வழிகாட்டினார். பின்னாளில் ஒரு பொறியியல் கல்லூரியே உருவாகக் கொடை தந்தார்.

இருவரும் விதிவிலக்கான மேதைகள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வேலை செய்த முறை விதிவிலக்கல்ல. கணிதம் தெரிந்தவரும் கைவேலை தெரிந்தவரும் சேர்ந்து செய்வதே தொழில்நுட்பம்.

முதலில் அந்த ‘எஸ்’

கணிதம் தேவையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சாதாரண தரக் கணிதச் சித்தி இல்லாமல் தொடங்கலாம். ஆனால் அது இல்லாமல் மேலே ஏற ஏறப் படிகள் சறுக்கும். டிப்ளோமாப் பாடநெறிகள், அரச வேலைகள், வெளிநாட்டுப் படிப்பு எல்லாம் அதைக் கேட்கின்றன. ஆகவே தொழிற்பயிற்சியில் சேர்ந்த பின்னும் அந்த ஒரு பாடத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதி முடிப்பது அவசியம்.

அது எண்ணுமளவுக்குக் கடினமல்ல. சித்திக்குப் போதுமான ‘எஸ்’ தரத்தின் கீழெல்லை 35 புள்ளி. இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து 200 புள்ளி. அதில் 70 எடுத்தால் போதும். முதல் வினாத்தாளின் முதற் பகுதியில் 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. அதில் பதினெட்டுச் சரியானால் 36 வந்துவிடும். அடுத்த பகுதியில் பத்துப் புள்ளி வீதம் ஐந்து வினாக்கள். பின்னம், சதவீதம், பரப்பளவு, தரவு, நிகழ்தகவு என்று பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியவையே. அவற்றில் பாதியளவு செய்தால் இன்னும் 25. இரண்டாம் வினாத்தாளில் ஒரு வரைபும் ஓர் இடை காணும் கணக்கும் அரைகுறையாகச் செய்தாலும் எல்லையைக் கடந்துவிடலாம்.

கேத்திரகணித நிறுவல்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதை விட்டு, இந்தப் பகுதிகளை மட்டும் எடுத்து ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் சித்தியடையக்கூடிய மாணவர்கள் நிறையப் பேர். ஆனால் கொழும்பின் ரியூசன் வகுப்புகள் பெரும்பாலும் ‘ஏ’ எடுக்கப்போகும் பிள்ளைகளை நோக்கியே நடக்கின்றன. ‘எஸ்’ எடுக்கவேண்டிய பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

சர்வதேசப் பாடசாலைகளில் எடெக்செல் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அதன் கணிதப் பரீட்சையில் அடிப்படைத் தளம், உயர் தளம் என இரண்டு இருக்கின்றன. அடிப்படைத் தளத்தில் எழுதித் தேவையான தரத்தைப் பெறலாம். கௌரவம் பார்த்து உயர் தளத்தில் எழுதி விழுவதில் பயனில்லை.

ஏணி எங்கே இருக்கிறது?

இலங்கையில் தேசிய தொழில் தகைமை, அதாவது மக்கள் வழக்கில் என்.வி.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமம். கீழிருந்து தொடங்கிப் பட்டம் வரை போக இந்த ஒழுங்கில் இடமுண்டு என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது.

தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் மூன்றாம், நான்காம் மட்டப் பாடநெறிகள் பலவற்றுக்குச் சாதாரண தரத்துக்குத் தோற்றியிருந்தாலே போதும். கணிதச் சித்தி கட்டாயமில்லை. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, அதாவது நைற்றா, நிறுவனங்களில் பயிலுநராகச் சேர்த்து வேலையிடத்திலேயே கற்பிக்கிறது. மருதானைத் தொழில்நுட்பவியல் கல்லூரியில் ஐந்தாம், ஆறாம் மட்டம் வரை போகலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து அது எட்டிய தூரந்தான். அதற்கு மேல், 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறினால் ஒரே பயணம். அங்கே தொழில் தகைமையோடு வருபவர்கள் பட்டப்படிப்பில் சேரலாம்.

ஐந்தாம் மட்டத்திலிருந்து கணிதம் ஓர் அலகாக வரும் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் இரண்டு வருடம் மோட்டாரோடும் மீற்றரோடும் பழகிய பின்பு வரும் கணிதம் அது. எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்கும் கணிதத்துக்கும், தெரியாமல் படித்ததற்கும் வேறுபாடு பெரிது.

பாடசாலைக்குள்ளேயும் வழிகள் திறந்திருக்கின்றன. 2013இல் உயர் தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. அதன் முதற் பரீட்சை 2015இல் நடந்தது. இணைந்த கணிதத்துக்குப் பதிலாகத் தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம் என்ற பாடம் அங்கே இருக்கிறது. வேலைக்கு வேண்டிய அளவு கணிதம் அதற்குள் அடங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சியிலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தினது ஹோமாகமைப் பக்கம் பிட்டிப்பனையிலும் இருக்கின்றன. 2017இல் தெரிவுசெய்த 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் பன்னிரண்டாம் தரத்தில் தொழிற்பிரிவில் சேர அது இடம் தருகிறது.

கணினித் துறைக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. உயர் தரத்தில் கலை, வர்த்தகம் படித்தவர்களும் சேரலாம். அதிலும் கணிதப் பாடங்கள் சில உண்டு. தொடைகள், தர்க்கம், தாயங்கள் போன்றவை அவை. வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தவர்கள் பலர் இன்று தெமட்டகொடை ஓரியன் சிற்றி போன்ற இடங்களில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே கராஜிலும் பட்டறையிலும் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலைகளின் சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டினால், தகுதிக்கேற்ற மட்டத்தில் சான்றிதழ் கிடைக்கும். பஞ்சிகாவத்தையில் வேலை செய்யும் கொட்டாஞ்சேனை இளைஞர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை. இப்படி ஒன்று இருப்பதாவது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மொழி என்னும் இரண்டாம் தடை

வழிகள் இத்தனை இருந்தும் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் அவற்றில் குறைவாக இருப்பதற்குக் கணிதம் மட்டும் காரணமல்ல. மேல் மாகாணத்தின் அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் பெரும்பாலான வகுப்புகள் சிங்களத்திலேயே நடக்கின்றன. டிப்ளோமா மட்டத்தில் ஆங்கிலம். தமிழ்மொழி மூலம் பதினோராம் தரம் வரை படித்த பிள்ளை, கணிதத்தில் விழுந்த மனவேதனையோடு போய், தெரியாத மொழியில் புதிய தொழிலைக் கற்கவேண்டியிருக்கிறது. முதல் மாதத்திலேயே சிலர் நின்றுவிடுகிறார்கள். நின்றவர் திறமையற்றவர் என்று பதியப்படுகிறார்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜெர்மன் பயிற்சி நிறுவகம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் கொட்டாஞ்சேனைக் குடும்பம் ஒன்று பிள்ளையை அங்கே அனுப்பி வைப்பது எளிதல்ல. தமிழ் மொழி அரசகரும மொழியாகி மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிவிட்ட பின்னும், தலைநகரில் தமிழில் மின்வேலை கற்க வழி அரிதாக இருப்பது ஏற்கத்தக்கதல்ல.

இந்த வெற்றிடத்தில்தான் தனியார் நிறுவனங்கள் கடை விரிக்கின்றன. நல்லவையும் உண்டு. ஆனால் பெரிய விளம்பரத்தோடு இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, எங்கும் செல்லுபடியாகாத சான்றிதழைத் தருபவையும் உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று. குறிப்பிட்ட பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறொன்று. பதிவு இலக்கத்தைக் காட்டி மயக்குபவர்களிடம் பாடநெறிக்கான அங்கீகாரத்தையும் கேட்கவேண்டும். ஆணைக்குழுவின் அலுவலகம் நாரஹேன்பிட்டி நிபுணதா பியசவில் இருக்கிறது. பணம் கட்டுமுன் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

செய்யவேண்டியவை

பாடசாலைகள் ஒன்பதாம் தரத்திலேயே கணிதத்தில் பின்தங்கியவர்களை இனங்காண வேண்டும். எந்தத் தரத்தில் தொடர் அறுந்தது என்று பார்த்து அங்கிருந்து கற்பிக்க வேண்டும். பதினோராம் தரத்தின் இறுதித் தவணையில் நடத்தும் அவசர வகுப்பால் பெரும் பயனில்லை.

தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் ஆசிரியர் ஒருவர் உண்மையாகவே அந்த வேலையைச் செய்ய நேரம் ஒதுக்கப்பட வேண்டும். வருடத்தில் ஒருநாளாவது பத்தாம் தர மாணவர்களை மருதானைக் கல்லூரிக்கும் இரத்மலானைக்கும் அழைத்துப் போவது பெரிய செலவல்ல.

தொழிற்பயிற்சி அதிகார சபை கொழும்பு மாவட்டத்தில் மின்வேலை, குளிரூட்டி, மோட்டார் திருத்தம் ஆகிய மூன்றிலாவது தமிழ்மொழி மூல வகுப்புகளைத் தொடங்கலாம். கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழில் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பாடக்குறிப்புகளும் இருக்கின்றன. அவற்றைப் பகிர்வதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதுவரை, சிங்களத்தில் கற்கப்போகும் பிள்ளைகளுக்கு மூன்று மாதப் பேச்சுச் சிங்கள வகுப்பு ஒன்றைக் கோயில் மண்டபங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் நடத்தலாம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மண்டபங்களுக்குக் குறைவில்லை. பழைய மாணவர் சங்கங்கள் விருந்துபசாரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கே இதற்குப் போதுமானது.

ரியூசன் ஆசிரியர்கள் ‘எஸ்’ எடுப்பதற்கென்றே ஒரு வகுப்பை ஆரம்பிக்க முன்வரவேண்டும். அதற்கு வரும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

கணிதத்தில் ‘டபிள்யூ’ எடுத்த பிள்ளையின் பெற்றோரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான். பெறுபேறு வந்த அந்த மாதத்திலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மருதானைக்கோ நாரஹேன்பிட்டிக்கோ ஒருமுறை போய்வாருங்கள். என்னென்ன பாடநெறிகள் இருக்கின்றன, எப்போது விண்ணப்பம் கோரப்படும், எந்த மொழியில் வகுப்பு நடக்கும் என்று நேரில் விசாரியுங்கள். பட்டறையையும் ஆய்வுகூடத்தையும் பிள்ளை கண்ணால் பார்க்கட்டும். எதில் கை வைக்க விருப்பம் என்று அதன் பிறகு பிள்ளையிடமே கேளுங்கள்.